சம்மர் கேம்ப்பும் பிள்ளையின் சுபாவமும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். கோடை லீவு வந்தால் ராமநகர் பக்கம் நடக்கும் ஒரு வாரக் கேம்ப்புக்குத் துணைக்குப் போவேன். பதினோரு வருஷமாயிற்று. பணம் கட்ட வரும் அப்பா அம்மாக்கள், பிள்ளையைத் திரும்பக் கூட்டிப்போக வருகிறவர்கள், நடுவில் வாட்ஸ்அப்பில் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பத்துப் பன்னிரண்டு சந்தேகங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். எதில் ஆரம்பித்தாலும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும்: அங்கே நடந்துகொண்டதை வைத்து என் பிள்ளை எப்படிப்பட்டது என்று சொல்ல முடியுமா?

அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை. பார்த்ததையும் படித்ததையும் வைத்துத்தான் பதில்.

சம்மர் கேம்ப்னா என்னக்கா? எங்க அபார்ட்மென்ட்ல காலைல ரெண்டு மணி நேரம் டிராயிங் சொல்லித் தராங்களே, அதுவும் கேம்ப்தானா?

பெயர் அதற்கும் அதுதான். கப்பன் பார்க் பால பவனில் நடப்பது, பள்ளிக்கூட மைதானத்தில் கிரிக்கெட் கோச்சிங், கிளப் ஹவுஸில் களிமண் பிசைவது, எல்லாவற்றுக்கும் 'பேசிகெ சிபிர' என்று கன்னடத்தில் ஒரு பேனர் கட்டிவிடுவார்கள். ஆனால் இங்கே நான் கேம்ப் என்று சொல்வது ராத்தங்கும் கேம்ப்பை மட்டும்தான்.

மத்தியானம் வீடு திரும்பும் பிள்ளை, அம்மா கட்டிக்கொடுத்த டப்பாவோடு போய் அம்மாவிடமே வருகிறது. ராத்தங்கினால்தான் கதையே வேறு. 'இவன் இப்படித்தான்' என்று ஏற்கனவே பேர் வைத்துவிட்ட சித்தி, டீச்சர், எதிர்வீட்டு மாமி ஒருவரும் அங்கே இல்லை. 1861-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஃபிரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களை நடத்தியே கூட்டிப்போய்க் கடலோரம் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். அங்கே முதல் சம்மர் கேம்ப் என்று அதைத்தான் சொல்வார்கள்.

எத்தன வயசுல அனுப்பலாம்?

வயதை விடுங்கள். அம்மா அப்பா பக்கத்தில் இல்லாமல் ஒரு ராத்திரியாவது தூங்கியிருக்கிறதா? தானே குளித்துத் துணி மாற்றிக்கொள்ளுமா? வயிறு வலித்தால் தெரியாத பெரியவரிடம் வாய்விட்டுச் சொல்லுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் எட்டு வயதிலும் அனுப்பலாம். இல்லையென்றால் பதினொன்றிலும் கஷ்டம்தான்.

மொத நாள் ராத்திரியே போன்ல அழுவறான். மத்த பசங்கல்லாம் ஜாலியா இருக்காங்க. என் பையன் பயந்தாங்கொள்ளியா?

மற்றவர்கள் ஜாலியாக இருக்கிறார்கள் என்பது பகலில் வந்த போட்டோவைப் பார்த்து நீங்கள் முடிவு செய்தது. ராத்திரி பத்தரைக்கு டார்ச்சோடு சுற்றி வந்தால் தெரியும். ஒரு டென்ட்டில் மூக்கு உறிஞ்சும் சத்தம். அடுத்ததில் 'மிஸ், தலைவலி'. அதற்கடுத்ததில் ஒருவன் நாலாவது தடவையாகப் பாத்ரூம் போகிறான். எல்லாம் ஒரே வியாதி. கிறிஸ்டோபர் தர்பர் என்ற அமெரிக்க உளவியலாளர் கேம்ப்புக்கு வந்த 8 முதல் 16 வயது வரையிலான 329 பையன்களிடம் தினமும் கேட்டுக் குறித்து 1995-ல் வெளியிட்டார். ஒரு நாளாவது வீட்டு நினைப்பு வந்தது என்று சொன்னவர்கள் 83 சதவீதம். அழுகையைக் கோழைத்தனத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டால் ஊரில் முக்கால்வாசிப் பேர் கோழைகள்தான்.

அந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லும் ஒரு விஷயத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்: 'பிடிக்கலைன்னா சொல்லு, அப்பா வந்து கூட்டிட்டு வந்துடறேன்' என்று கிளம்பும்போது வாக்குக் கொடுக்காதீர்கள். அப்படி வாக்கு வாங்கிக்கொண்டு வந்த ஒரு பையன் இரண்டாம் நாள் முழுக்க கேட் பக்கத்தில் பையின் மேலேயே உட்கார்ந்திருந்தான். ஷூ லேஸைக்கூட அவிழ்க்கவில்லை. பாறை ஏறக் கூப்பிட்டோம், வரவில்லை. ரோட்டில் வெள்ளைக் கார் எது போனாலும் எழுந்து நின்றான். அவன் பயந்த சுபாவமே இல்லை, அப்பா சொன்ன சொல்லை நம்பியவன். அவ்வளவுதான்.

கேம்ப் முடிஞ்சதும் ரிப்போர்ட் குடுத்தாங்க. 'லீடர்ஷிப் குவாலிட்டி உண்டு, பொறுமை குறைவு'ன்னு இருக்கு. நம்பலாமா?

அந்த ரிப்போர்ட்டை எழுதுகிறவள் நான் என்பதால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடைசி ராத்திரி, கேம்ப் ஃபயர் அணைந்த பிறகு, ஃபிளாஸ்கில் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்து முப்பத்திரண்டு பேருக்கு எழுதுவோம். இருபதாவது பிள்ளைக்கு வரும்போது முகம் ஞாபகம் வரும், என்ன செய்தது என்பது வராது. அப்போது கை தானாகவே 'கலகலப்பானவள்', 'அமைதியானவன்' என்று எழுத ஆரம்பிக்கும். கலகலப்பு என்று எழுதிவிட்டால் அதற்கு ஜோடியாக 'தன்னம்பிக்கை'யும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இது என் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. தியடோர் நியூகோம் என்பவர் 1929-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கேம்ப்புக்கு வந்த 51 பையன்களின் நடத்தையை அங்கே அவர்களைக் கவனித்துக்கொண்ட பெரியவர்களைக் கொண்டே தினமும் குறிக்கச் சொன்னார். சாப்பிடும்போது வாயாடியா, விளையாட்டில் வாயாடியா என்று இடத்துக்கு இடம் தனித்தனியாக. அந்தத் தினக்குறிப்பில் ஒழுங்கு ரொம்பக் குறைவாகத்தான் தெரிந்தது. ஓரிடத்தில் வாயாடி, இன்னோரிடத்தில் ஊமை. ஆனால் அதே ஆட்களிடம் கடைசியில் மொத்தமாக மதிப்புப் போடச் சொன்னபோது, ஒவ்வொரு பையனும் அச்சில் வார்த்தது போல ஒரே குணமாக வந்தான். அந்த ஒழுங்கில் பெரும்பகுதி எழுதியவர்களின் மனதில் இருந்தது. ரிப்போர்ட்டைப் பத்திரமாக ஃபைலில் வையுங்கள், ஆனால் அதை வைத்து டியூஷன் முடிவு செய்யாதீர்கள்.

வீட்ல ஒரு நிமிஷம் ஒக்கார மாட்டான், அவ்ளோ வாலு. அங்க சாதுவா இருந்தானாம். எது நிஜம்?

இரண்டும். ஆனால் சும்மா 'இரண்டும்' என்றால் யாருக்கும் திருப்தி வராது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

யூய்ச்சி ஷோடா, வால்டர் மிஷல், ஜாக் ரைட் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் வெடிகோ என்ற கேம்ப்பில், நடத்தைச் சிக்கல் உள்ள 84 பிள்ளைகளை ஆறு வாரம் பின்தொடர்ந்தார்கள். ஒரு பிள்ளைக்குச் சராசரி 167 மணி நேரக் குறிப்பு. 1994-ல் வெளியானது. 'இவன் எவ்வளவு கோபக்காரன்' என்று அவர்கள் கேட்கவில்லை. சக பிள்ளை சீண்டினால் என்ன செய்கிறான், சக பிள்ளை நட்பாக வந்தால் என்ன, பெரியவர் எச்சரித்தால், தண்டித்தால், பாராட்டினால் என்ன என்று ஐந்து விதமாகப் பிரித்துப் பார்த்தார்கள். அப்போது தெரிந்தது, குணம் அந்த ஏற்ற இறக்கத்திலேயே இருக்கிறது என்று. ஒருவன் பெரியவர் கண்டித்தால் மட்டும் சீறுவான், பசங்கள் சீண்டினால் கண்டுகொள்ள மாட்டான். இன்னொருவன் நேர் எதிர். மொத்தச் சண்டையை எண்ணினால் இருவரும் ஒன்றாக நிற்பார்கள். ஆனால் 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வான்' என்ற அந்தக் கோலம் இருவருக்கும் வேறு, வாரங்கள் போனாலும் பெரிதாக மாறவில்லை.

போன வருஷம் எங்கள் கேம்ப்பில் இரண்டு பையன்களைச் சண்டைக்கோழி என்றே எல்லோரும் கூப்பிட்டோம். மூன்றாம் நாள் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். ஒருவன் வரிசையில் நிற்கும்போது மட்டும்தான் அடிப்பான். உப்பிட்டுக்கு (நம் உப்புமாதான்) வரிசை, குளிக்க வரிசை, எதுவானாலும். முன்னால் யாராவது புகுந்தால் போச்சு. இன்னொருவன் வரிசையில் தேமே என்று நிற்பான், ஆனால் யாராவது 'சூப்பர்டா' என்று தட்டிக்கொடுத்தால் அந்தக் கையை உதறிவிட்டு முட்ட வருவான். முதலாமவனுக்கு ஒரே வழி, சாப்பாட்டைப் பந்தியாக உட்காரவைத்துப் பரிமாறினோம், தீர்ந்தது. இரண்டாமவனிடம் பந்தி ஒன்றும் செய்யாது. உங்கள் பையன் விஷயத்திலும் அதேதான். வீட்டில் அவன் வாலாக இருப்பது எந்த நேரத்தில்? தம்பி பக்கத்தில் இருக்கும்போதா, டிவி அணைத்த பிறகா? அந்த நேரம் கேம்ப்பில் வரவே இல்லையோ என்னவோ.

எங்க பொண்ணு ரொம்பக் கூச்ச சுபாவம். கேம்ப் போனா போல்டா வருவாளா?

ஏழு நாளில் யாரும் வேறு ஆளாக வருவதில்லை. அப்படி விளம்பரத்தில் போட்டிருந்தால் அந்தப் பணத்துக்கு நல்ல செருப்பு வாங்கிக்கொடுங்கள். ஜெரோம் கேகன் என்ற அமெரிக்க உளவியலாளர் நாலு மாதக் குழந்தைகளிலேயே புது ஓசைக்கும் புது பொம்மைக்கும் கைகாலை உதைத்து அழுகிறவற்றைத் தனியாகப் பிரித்துப் பல வருஷம் பின்தொடர்ந்தார். ஐந்தில் ஒன்று அப்படி இருந்தது. வளர்ந்தபோது அவர்களில் நிறையப் பேர் கூச்சத்தைத் தாண்டி வந்தார்கள். ஆனால் கூட்டத்தின் நடுவே குதித்து ஆடுகிறவர்களாக மாறியவர்கள் மிகக் குறைவு.

அதற்கும் முன்னால் 1956-ல் நியூயார்க்கில் தாமஸ், செஸ் என்ற தம்பதி ஆரம்பித்த நீண்டகால ஆய்வில், நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகளை 'மெதுவாகச் சூடேறுகிறவர்கள்' என்று வகைப்படுத்தினார்கள். எனக்குப் பிடித்த சொல் அது. விறகு ஈரமாக இருந்தால் பற்ற நேரமாகும், அடுப்பில் கோளாறு என்று அர்த்தமில்லை. இரண்டு வருஷம் முன்னால் ஒரு பெண் வந்தாள். முதல் மூன்று நாள் பாட்டுக்கும் இல்லை, ஆட்டத்துக்கும் இல்லை. ரிப்போர்ட்டில் 'மிகவும் அமைதி' என்று எழுதியிருப்பேன். ஒரு மத்தியானம் தட்டு கழுவும் இடத்துக்குத் தற்செயலாகப் போனேன். குழாயடியில் முழங்கை வரை சோப்பு நுரை, பக்கத்தில் ஒரே ஒரு சின்னப் பெண், இவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் வீட்டுப் பூனை மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த கதை. சோப்புத் தட்டைப் பூனையாக்கி, விழும் சத்தத்தோடு. என்னைப் பார்த்ததும் கப்சிப்.

டீம் பிரிச்சு விட்டதும் எதிர் டீம் பசங்கள அசிங்கமா திட்டறான். இவ்ளோ கெட்ட குணம் இவனுக்குள்ள இருந்துச்சா?

இதற்குப் பேர்போன பதிலே ஒரு கேம்ப்பில்தான் கிடைத்தது. 1954-ல் ஓக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில், முசாஃபர் ஷெரிஃப் என்ற துருக்கியில் பிறந்த உளவியலாளர், எந்தப் பிரச்சினையும் இல்லாத குடும்பத்துப் பையன்கள் 22 பேரை, பதினொரு வயதுக்காரர்கள், இரண்டு குழுவாகத் தங்கவைத்தார். கழுகுகள், கிலுகிலுப்பைப் பாம்புகள் என்று அவர்களே பேர் வைத்துக்கொண்டார்கள். பரிசுக்குப் போட்டி என்று அறிவித்ததும், வசவு, கொடி எரிப்பு, ராத்திரியில் அடுத்தவர் அறைக்குள் புகுந்து சூறையாடல். எல்லாம் நல்ல வீட்டுப் பிள்ளைகள்.

பிறகு தண்ணீர் வரவில்லை என்று ஒரு பிரச்சினையை உண்டாக்கினார்கள், சாப்பாடு கொண்டுவரும் லாரி கிளம்பவில்லை என்று இன்னொன்று. இரண்டு குழுவும் சேர்ந்து கயிறு கட்டி லாரியை இழுத்தது. அந்தக் கயிறு, முன்பு கயிறிழுக்கும் போட்டியில் எதிரெதிராக நின்று இழுத்த அதே கயிறு. இதை வைத்து 'மனுஷனே இப்படித்தான்' என்று முடிவு கட்டாதீர்கள். முந்தின வருஷம் 1953-ல் ஷெரிஃப் நியூயார்க் மாநிலத்தில் இதே மாதிரி ஒன்று நடத்தியபோது, பையன்கள் பிரிக்கப்படும் முன்பே பழகிவிட்டிருந்ததால் மோத மறுத்துவிட்டார்கள், பெரியவர்கள் மேல்தான் சந்தேகப்பட்டார்கள். அந்த முயற்சியை நடுவிலேயே கைவிட்டார். நாங்கள் இப்போது முதல் இரண்டு நாள் டீமே பிரிப்பதில்லை.

அங்க எல்லாரும் கன்னடம், இல்லனா இங்கிலீஷ். எங்க பொண்ணு மூலைல ஒக்காந்திருந்தாளாம். இன்ட்ரோவர்ட்னு சொல்லிட்டாங்க.

மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகாத குடும்பங்களில் இது வருஷா வருஷம் நடக்கிறது. அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழில் திட்டவும் கன்னடத்தில் சமாதானம் பேசவும் வரும். புதிதாக வந்தவர்களுக்கு ஜோக் புரிந்து சிரிப்பதற்குள் அடுத்த ஜோக் போய்விடும். பாஷை தெரியாமல் வாய் மூடியிருப்பதைச் சுபாவம் என்று எழுதுவது பெரிய அநியாயம்.

பேச்சே தேவைப்படாத இடத்தில் எப்படி இருந்தாள் என்று கேளுங்கள். கல்லாங்காய் ஆடினாளா? பாறை ஏறும்போது முன்னால் போனாளா? ஐந்து கன்னட வார்த்தை சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்: 'பா' (வா), 'கொடு', 'நந்து' (என்னுடையது), 'சாக்கு' (போதும்), 'இன்னொந்து சல' (இன்னொரு தடவை). விளையாட்டுக்கு அது போதும்.

எங்க காலத்துல கேம்ப் ஏது? லீவு விட்டா ஆம்பூர் பாட்டி வீடு. அது கணக்குல வருமா?

வரும், ஒரு வித்தியாசத்தோடு. ஜோலார்பேட்டை வழியாக ரயிலேறி ஒரு மாதம் அம்மா அப்பா இல்லாமல் இருப்பது, பத்துப் பதினைந்து மாமா பிள்ளை அத்தைப் பிள்ளைகளோடு ஒரே ஜமுக்காளத்தில் புரள்வது, கடைசி மாம்பழத்துக்கு அடிபிடி, எல்லாம் கேம்ப்தான். நீந்தக் கற்றவர்கள் பாதிப் பேர் அப்படி ஏதாவதொரு கிணற்றில் தள்ளிவிடப்பட்டவர்கள்.

வித்தியாசம், முதல் பதிலில் சொன்ன பேர் வைக்கும் விவகாரம். பாட்டி வீட்டில் நீங்கள் கால் வைக்கும் முன்பே 'பெரியவளோட பையன், அப்பனை மாதிரியே பிடிவாதம்' என்று தீர்ப்பு வந்து காத்திருக்கும். அங்கே எப்படி நடந்தீர்கள் என்பதில் அந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு.

அஞ்சாவது படிக்கும்போது கேம்ப்ல மேடைல பாட்டு மறந்து எல்லாரும் சிரிச்சாங்க. இன்னிக்கும் மீட்டிங்ல பேச கை நடுங்குது. அதுதான் காரணமா?

இதைக் கேட்டவருக்கு வயது நாற்பத்திரண்டு, பிள்ளைக்குப் பணம் கட்ட வந்தவர். ஒரு சம்பவம் ஒரு ஆளைச் செய்துவிடும் என்று நான் நம்பவில்லை. 2000-ல் ராபர்ட்ஸ், டெல்வெக்கியோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 152 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்தார்கள். சில வருஷ இடைவெளியில் குணம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தால், சிறுவயதில் 0.31, கல்லூரி வயதில் 0.54, ஐம்பதைத் தாண்டினால் 0.74. ஒன்று என்றால் மற்றவர்களோடு ஒப்பிடும்போது அவரவர் இடம் துளி மாறவில்லை என்று பொருள். பத்து வயதில் கெட்டிப்படாத களிமண்ணில் பதிந்த ஒரு விரல் ரேகை இத்தனை வருஷம் அப்படியே இருக்க வாய்ப்புக் குறைவு.

ஞாபகத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். என் கதையைச் சொல்கிறேன். நானும் பத்து வயதில் சாரணியர் கேம்ப் போனேன். ராத்திரி மழையில் டென்ட் சாய்ந்தபோது எல்லோரும் அழ, நான் மட்டும் அழாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று முப்பது வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பிறகு அன்று என்னோடு இருந்த தோழியை ஃபிரேசர் டவுனில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். 'கம்பத்தப் பிடிச்சது நான்டி. நீ என் பாவாடையப் பிடிச்சிட்டு இருந்த' என்றாள். இரண்டு பேரில் யார் சரி என்பது இன்னும் தீரவில்லை. மேடையில் உங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் 'எல்லாரும்'தானா என்பதையும் அப்படித்தான் கேட்கவேண்டும். இன்றைக்குக் கை நடுங்குவதால் அந்தச் சிரிப்பு பெரிதாகக் கேட்கிறதோ என்னவோ.

கேம்ப் போயிட்டு வந்து பத்து நாளாச்சு. சரியா சாப்பிடறதில்ல, குளிக்கக் கதவ சாத்திட்டு ரொம்ப நேரம் ஒக்காந்திருக்கா. இதுவும் கூச்சம்தானா?

இதைச் சுபாவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது. கூச்ச சுபாவம் போகும் முன்பே இருக்கும். போய் வந்த பிறகு புதிதாகத் தூக்கம், சாப்பாடு, குளியல் மாறினால், ஒரு குறிப்பிட்ட ஆளின் பேரைக் கேட்டதும் முகம் மாறினால், அங்கே ஏதோ நடந்திருக்கலாம். தோண்டித் தோண்டிக் கேட்காமல், 'என்ன சொன்னாலும் திட்ட மாட்டேன்' என்று சொல்லிப் பக்கத்தில் இருங்கள். சொன்னால் நம்புங்கள்.

1098 குழந்தைகளுக்கான உதவி எண், நாள் முழுக்க எடுப்பார்கள். பாலியல் சீண்டல் என்றால் 2012-ன் போக்சோ சட்டம் இருக்கிறது. ஆணோ பெண்ணோ, 18 வயதுக்குக் கீழே எல்லோருக்கும் பொருந்தும். கேம்ப் நடத்தியவர்கள் பெரிய ஆட்களாயிற்றே என்று தயங்க வேண்டாம்.

வந்ததும் 'எப்படி இருந்துச்சு'ன்னு கேட்டா 'நல்லா இருந்துச்சு'ன்னு மட்டும் சொல்றான். வேற என்ன கேக்கறது?

அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் வரும். யாருக்குப் பக்கத்தில் படுத்தாய், யார் குறட்டை விட்டார்கள், சாப்பாட்டில் எதைத் தட்டில் ஒதுக்கினாய், யார் உன் டார்ச்சைக் கேட்டார்கள், கொடுத்தாயா? இப்படிக் கேளுங்கள். அதையும் வந்த அன்றைக்கே வேண்டாம். இரண்டு நாள் தூங்கட்டும்.

இவ்ளோ சொல்றீங்க. ஒரே வார்த்தைல சொல்லுங்கக்கா, என் பொண்ணு எப்படிப்பட்டவ?

இதைக் கேட்டவர், பூனைக் கதை சொன்ன பெண்ணின் அம்மா. ஒரே வார்த்தையில் முடியாது என்றேன். பதிலாகப் பார்த்ததைச் சொன்னேன். எல்லோரும் பார்க்கும்போது வாய் திறப்பதில்லை. கையில் வேலை இருந்து, பக்கத்தில் ஒரே ஒரு ஆள் இருந்து, அந்த ஆள் தன்னைவிடச் சின்னதாகவும் இருந்தால் நிறுத்தாமல் பேசுகிறாள். ஐந்தாம் நாள் வெங்காயம் உரிக்கும்போதும் அப்படித்தான், ஆறாம் நாள் ஜமுக்காளம் மடிக்கும்போதும் அப்படித்தான்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். 'எங்க மாமியார் இப்படித்தான்க்கா, கல்யாண வீட்ல சமையக்கட்ட விட்டு வெளியவே வர மாட்டாங்க. உள்ள போனா அவங்க சத்தம் மட்டும்தான் கேக்கும்' என்றார்.